வரைபலகையில் எந்த இடப்பெயர்வு?

கட்டடக்கலை படிக்கும் மலையக மாணவர்கள் இறுதியாண்டு வடிவமைப்புக்கு "இடப்பெயர்வு" என்று தலைப்பு எழுதிக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. குறை சொல்வதற்கில்லை, இரண்டு நூற்றாண்டுகளாக நம் வீடுகளின் கதையே அதுதான். தலைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட மறுவாரம்தான் சிக்கல் தொடங்குகிறது. எந்த இடப்பெயர்வு? தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை நடந்து வந்ததா? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு கோச்சியேறி, அதாவது ரயிலேறி, இந்தியாவுக்குத் திரும்பிப் போனதா? கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாட்டு வீடுகளுக்கும் இன்று போய்க்கொண்டிருப்பதா? மண்சரிவுக்குப் பயந்து லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு அடுத்த மலைக்குப் போவதா? அல்லது விரிவுரையாளர்கள் கேட்டவுடனே மகிழ்ந்துபோகும் பறவைகளின் வலசையா?

ஒவ்வொன்றும் வேறு காணியைக் கேட்கும். வேறு ஆட்களோடு பேசச் சொல்லும். வேறு விதமான தாள்களை நிரப்பச் சொல்லும். ஓர் ஆண்டுக்குள் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். மாணவர்களின் வரைபடங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அவ்வப்போது வாய்ப்பதால், எதை எடுத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

நான் பார்ப்பது ஒரு விடயத்தைத்தான். நீங்கள் எடுக்கும் இடப்பெயர்வு உங்களுக்கு ஏதாவது ஓர் அளவைத் தருகிறதா? அடி, பாகை, தலைச்சுமையின் எடை, மில்லிமீட்டர் மழை, ஓர் அறையில் படுப்பவர்களின் எண்ணிக்கை என்று எதுவாகவும் இருக்கலாம். துயரத்தை மட்டும் தருகிற கருப்பொருள் கவிதைக்கு உதவும். கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று அது சொல்லாது.

பறவைகளை முதலில் முடித்துவிடுவோம். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வருகிறது. இமயமலைப் பக்கத்தில் கூடு கட்டும் சின்னஞ்சிறு பறவை, நம் மலையில் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆறுமணிக் குருவியும் அதே பருவத்தில் வருகிறது. அழகான செய்திதான். ஆனால் நான் பார்த்த வலசைத் திட்டங்கள் எல்லாம் சிறகு விரித்த கூரையில் போய்த்தான் முடிந்தன. அந்தக் கூரையில் விழும் மழை எந்தப் பீலிக்குப் போகிறது என்று கேட்டால் பதில் வராது. பறவையே பயனாளி என்றால் கதை வேறு. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் ஒரு பார்வைக் குடில் அல்லது உள்ளூர் மரங்களுக்கான நாற்றுமேடை என்று எடுத்தால், கண்ணாடியில் பறவை மோதாமல் இருப்பது எப்படி, எந்த மரத்தில் எந்தப் பூச்சி என்று வேலை கிடைக்கும். முதலாம் ஆண்டில் சில வாரப் பயிற்சிக்கு இது நல்லது. இறுதியாண்டுக்கு வேண்டாம்.

நடைப்பயணம்தான் அதிகமானவர்களை இழுக்கிறது. 2023இல் "மலையகம் 200" நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்த பிறகு அந்த ஈர்ப்பு இன்னும் கூடியிருக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் படகில் மன்னார்க் கரையை அடைந்து, மதவாச்சி, தம்புள்ளை வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல் காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கிய பிறகு அந்த நடை பழங்கதையாயிற்று.

இதை எடுக்கும் மாணவர் பத்தில் ஒன்பது பேர் அருங்காட்சியகம் வரைகிறார்கள். அதிலும் சாய்ந்த சுவர், ஒடுங்கிக்கொண்டே போகும் இருட்டுப் பாதை, கடைசியில் மேலிருந்து விழும் ஒற்றை வெளிச்சம். 2001இல் திறக்கப்பட்ட பேர்லின் யூத அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் டானியல் லிபெஸ்கிண்ட் செய்ததன் பேரப்பிள்ளைகள் இவை. அவருக்கு அந்த நகரமும் யூதர்களின் அழிவும் கொடுத்த காரணங்கள் இருந்தன. மாத்தளையில் சுவர் ஏன் சாய வேண்டும்? மொரீசியசின் போர்ட் லூயிஸில் உள்ள அப்பிரவாசி காட் இதற்கு நேர்மாறு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய துறைமுகக் கட்டடங்களில் எஞ்சியது கொஞ்சம்தான். அந்தக் கற்படிகளையும் சில அறைகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 2006இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போகிறவர் அந்தப் படியைப் பார்த்தாலே போதும். (ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை: மொரீசியசுக்குப் போனவர்கள் கால வரையறையுள்ள ஒப்பந்தத்தில் போனவர்கள். இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணி முறையில், முன்பணக் கடனைச் சுமந்துகொண்டு வந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். விடயம் தெரிந்த நடுவர் ஒருவர் இருந்தால் முதல் கேள்வி அங்கேதான் விழும்.) அருங்காட்சியகம்தான் வேண்டும் என்றால் கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், தோட்டத்து லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. முதலில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, இன்னொன்று ஏன் தேவை என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

நடையை எடுத்தே தீருவேன் என்பவருக்கு வேறு வழி இருக்கிறது. நடப்பவனுக்கான கட்டடம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு: சுமைதாங்கி, மடம், கிணறு. பருத்தித்துறையில் வீதியையே கூரையால் மூடி நிற்கிறது தெருமூடிமடம். சிங்களக் கிராமங்களில் வழிப்போக்கர் தங்கும் அம்பலம். சுமைதாங்கியின் உயரம் தலைச்சுமையைப் பிறர் கைகொடுக்காமலே இறக்கி வைக்கும் உயரம், உடம்பே அளவுகோல். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது பழைய வழக்கம். நினைவுச் சின்னமும் பயன்படு பொருளும் ஒரே கல்லில் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் பாதையில் ஐந்தாறு இடங்களில் நிழலும் தண்ணீரும் உட்காரத் திண்ணையும் தரும் சின்னச் சின்னக் கட்டடங்களை வரைபவர் என்னிடம் முழுப் புள்ளிகளும் வாங்குவார். ஆனால் பெரிய கட்டடத்தையே எதிர்பார்க்கும் கல்வி நிறுவனங்களில் இது எடுபடாது. அதோடு காணி உங்கள் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் கிடக்கும். மூன்றாவது முறை அளக்கப் போகச் சோம்பல் வந்துவிடும்.

அடுத்தது கோச்சி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில், மறுபடியும் தேயிலைக்குள்ளேயே குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின.

கட்டடக்கலைக்கு இதில் உள்ள பலம் மேடைதான். ரயில் மேடை என்பது ஏற்கெனவே பாதி கட்டி முடிந்த கட்டடம்: நீளம் உண்டு, விளிம்பு உண்டு, கூரை உண்டு, ஒருவர் நிற்க மற்றவர் விலகும் கோடு உண்டு. அட்டன், தலவாக்கலை, நானுஓயா, வட்டகொடை என்று எந்த நிலையத்தையும் எடுக்கலாம். பொதிகள் வைத்த பழைய களஞ்சியம் ஒன்றை ஆவணக் காப்பகமாக்கலாம். கடவுச்சீட்டு, பதிவுப் பத்திரம், அக்கரையிலிருந்து வந்த கடிதம் எல்லாம் இன்னும் வீடுகளில் தகரப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஈரமும் கரையானும் அவற்றைத் தின்கின்றன. கடதாசியைக் காப்பாற்ற ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும், மலையின் மூடுபனியில் அதைக் காற்றுச்சீராக்கி இல்லாமல் எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது உண்மையான கட்டடக் கேள்வி. இந்தக் கேள்விக்குள் போகிறவருக்கு இந்தத் தெரிவு பொருந்தும். அழுகையை மேடையேற்ற நினைப்பவர் விலகி நிற்பது நல்லது. நீலகிரியில் உறவினர் இருக்கிறார்கள், பேச்சுத் தொடர்பு அறவில்லை என்றால் உங்களுக்கு இரண்டு பங்கு சாதகம். வேறு எவராலும் எடுக்க முடியாத தகவல்கள் உங்கள் வீட்டுத் தொலைபேசியில் இருக்கின்றன.

இன்றைய பெயர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைத் தனிக் காணியில் வைத்து நான் பரிந்துரைக்கவில்லை என்பதால். உங்கள் வயதுத் தம்பிமார் புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்து, ஓர் அறையில் பலராகப் படுக்கிறார்கள். அக்காமார் வளைகுடாவில். பிள்ளைகள் அம்மாயி, அப்பாயியிடம். தகவல் சொல்ல ஆள் நிறைய உண்டு. ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம் "சமூக மண்டபம்" என்ற பெயரில், நூலகம் ஒரு பக்கம், கணினி அறை ஒரு பக்கம் என்று முடிந்துவிடுகின்றன. எந்த ஊரிலும் வைக்கக்கூடிய கட்டடம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மாசியில் காமன் கூத்துக்கும் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். நான்கு பேர் இருந்த வீட்டில் ஒன்பது பேர் படுக்கிறார்கள். வீடு சில நாட்களுக்கு வீங்கிச் சுருங்க வேண்டும். இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசித் தெரிவுக்கு வாருங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலையிலும் பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் மாதக்கணக்கில் தங்கின. மலையகத்தில் மழைக்காலம் வந்தாலே யாரோ ஒரு லயத்தார் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகிறார்கள். கடல் தாண்டுவதில்லை, மாகாணம் தாண்டுவதில்லை. சில நூறு மீட்டர், சில கிலோமீட்டர். அதனால்தான் இதை இடப்பெயர்வு என்று எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. என்னைக் கேட்டால் வரைபலகைக்கு ஏற்றது இதுதான்.

காரணம் அளவுகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு முன்னெச்சரிக்கை மழை அளவோடு கட்டப்பட்டது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஆனால் ஆயத்தமாக வேண்டும், 150 ஆனால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். இந்த எண்களை வைத்தே ஒரு கட்டடத்தின் நாடகத்தை எழுதலாம். 75இல் எந்தக் கதவு திறக்கும்? 100இல் கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் எந்தப் படியால் இறக்குவது? 150இல் எத்தனை பேர் எங்கே படுப்பார்கள், எத்தனை அடுப்பு எரியும்? மூடிக்கிடக்கும் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்றின் மேல்மாடிகளைப் பாருங்கள். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டப்பட்ட நீளமான தளங்கள், வரிசையாக யன்னல்கள், காற்றோட்டம். அகதிகள் அங்கே ஒதுங்க நேர்ந்தது தற்செயல். அதை முன்கூட்டியே வடிவமைத்து, மழையில்லாத மாதங்களில் வேறு தொழிலுக்கு விட்டால் அதுவே முழுமையான இறுதியாண்டுத் திட்டம்.

அல்லது வீட்டையே எடுக்கலாம். பழைய லயக் காம்பரா (அறை) 10 அடிக்கு 12 அடி: 120 சதுர அடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு (தாழ்வாரம்). இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட புதிய வீடு 550 சதுர அடி, 7 பேர்ச்சஸ் காணியில். நான்கு மடங்குக்கும் மேல். காணி உறுதியோடு தனி வீடு என்பது நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. அதை எவரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் குறுக்குவெட்டைப் போட்டுப் பாருங்கள். 24 அடி ஆழமான வீட்டை 30 பாகைச் சரிவில் வைத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய 14 அடி வித்தியாசம் வரும். 20 பாகையிலும் 8 அடிக்குக் குறையாது. சமதளத்துக்கு வரைந்த வீட்டை அங்கே வைக்க வேண்டுமானால் மலையை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய மண்சுவர் பின்னால் நிற்கும், கொட்டிய மண் முன்னால் நிற்கும், கூரைத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இறங்கும். சரிவிலிருந்து தப்பி வந்தவருக்கு இன்னொரு சரிவை நாமே செய்து கொடுக்கிறோம்.

லயம் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அறை மனிதத்தன்மையில்லாதது, ஆனால் கட்டடம் ஒடுக்கமாக, மலையின் சமவுயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் போகிறது. சரிவை வெட்டுவது குறைவு. தோட்டத் துரைமார் அதைச் செலவு குறைக்கத்தான் செய்தார்கள், நன்றி சொல்ல ஒன்றுமில்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒடுக்கமான, இரண்டு மட்டத்தில் படியிறங்கும், பக்கவாட்டில் வளரும் வீடு. பின்சுவரில் மண் முட்டாத வீடு. பீலித் தண்ணீர் கான் (வடிகால்) வரை கட்டுக்குள் போகும் வீடு. இதுதான் கேள்வி.

இங்கே நல்ல முன்னோடிகளும் இருக்கிறார்கள். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களின் பிற்பகுதியில் வட்டபுலுவ வீடமைப்பைத் திட்டமிட்டபோது, குடிவரப்போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்து அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதற்கேற்ப வீட்டு வகைகளை அமைத்தார். அதுவும் மலைச்சரிவு, பல இனத்தவர் வாழ வந்த இடம். சிலி நாட்டு இக்கிக்கேயில் அலெஹாந்திரோ அராவேனாவின் குழு 2004இல் சுமார் 100 குடும்பங்களுக்குப் பாதி வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்தது. அடுப்படி, குளியலறை, படிக்கட்டு, கூரை போன்ற கடினமானவற்றை முடித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தைக் குடும்பங்களே நிரப்பிக்கொள்ள விட்டது. நம் லயங்களிலும் மக்கள் இதைத்தான் கேட்காமலே செய்திருக்கிறார்கள். இஸ்தோப்பை அடைத்து அறையாக்கினார்கள், பின்னால் தகரம் இறக்கி அடுப்படி நீட்டினார்கள். அந்த நீட்சிகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தால், குடும்பத்துக்கு எது முதலில் தேவைப்பட்டது, எது பிறகு என்ற வரிசை தானாக வெளிவரும். தீபாவளிக்கு வீங்கும் அறையையும் அதோடு சேருங்கள். கொழும்புக்குப் போன தம்பிக்கு இந்த வீட்டில் இடம் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு கண்டிப்பு. லயத்தின் "ஒற்றுமை வாழ்க்கை" என்று எழுதாதீர்கள். அடுத்த வீட்டுப் பேச்சு முழுவதும் கேட்கும் சுவர், வயதுப்பெண் உடை மாற்ற மூலை இல்லாத அறை, கண்ணை எரிக்கும் விறகுப் புகை: இவற்றின் மறுபக்கம்தான் அந்த ஒற்றுமை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் கோயில் முன்றலிலும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் ஆட்கள் சந்தித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய குடியிருப்புகளில் வீடு இருக்கிறது, நிற்க ஓர் இடம் இல்லை என்று மூத்தவர்கள் குறைப்படுவது அதைத்தான்.

இதற்கும் பலவீனம் உண்டு. நடுவர்கள் "வீடமைப்பா?" என்று உற்சாகம் குறைவது முகத்திலேயே தெரியும், மாதிரியும் படத்தில் கண்ணைக் கவராது. மண் பற்றிய அறிக்கைகளைப் படிக்க வேண்டும், பொறியியல் மாணவர் ஒருவரின் காலைப் பிடிக்க வேண்டும். நல்ல கற்பனையும் குறைந்த பொறுமையும் உள்ளவருக்கு இது ஒத்துவராது. அவர் சுமைதாங்கிப் பாதைக்கே போகட்டும். நீலகிரியில் சொந்தம் உள்ளவர் கோச்சியை எடுக்கட்டும். மற்றவர்கள் எல்லோருக்கும், குறிப்பாக லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களுக்கு, என் வாக்கு சரிவுக்கே.

எடுப்பதென்றால் ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பே காணியைத் தெரிவு செய்யுங்கள். மழையில் அதே இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், தண்ணீர் எங்கே ஊறுகிறது என்று வெயிலில் தெரியாது. தோட்ட நிர்வாகத்திடம் பல்கலைக்கழகக் கடிதம் கொடுத்து அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். தோட்டத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லையென்றால் காணி அளக்க வந்த ஆள் என்று வதந்தி பரவும். வீட்டுக்குள் அளக்கும்போது அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருவரையே நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் தாள் 1:50 அளவில் ஒரே குறுக்குவெட்டாக இருக்கட்டும்: மேலே தேயிலை, கான், பின்சுவர், காம்பரா, இஸ்தோப்பு, முற்றம், பீலி, கீழே பாதை. அதை முடித்துவிட்டு மேற்பார்வையாளரிடம் போங்கள்.